ஜாசின் எக்ஸ்சேஞ்சும் ராமையா கிராணியின் குரலும்

"ஐயா, நம் வேலையை இனி இயந்திரம் செய்யுமாம். பேசுவதைக் கேட்டு எழுதுகிறது. பேசுவது யார் என்றும் சொல்கிறது. உங்கள் காலத்தில் இதையெல்லாம் காதை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தீர்கள் என்று நம் ஆண்டு மலருக்கு எழுதித் தாருங்கள்."

ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர்களுக்காக மலர் நடத்தும் தனபாலன் எனக்கு எழுதிய கடிதத்தில் உள்ள வரிகள் இவை. கடிதத்தில் மார்ச் மாதம் என்று இருக்கிறது. தேதி போட மறந்துவிட்டார். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது நான் மேற்பார்வையாளன். அந்த உரிமையில், கடிதம் வந்த வாரமே மலாக்கா புக்கிட் பெருவாங்கில் என் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, ஆயர் குரோவில் நடந்த ஒரு விளக்கக் கூட்டத்துக்கு என்னை அழைத்துப் போனார்.

விளக்கியவர் ஓர் இளம் பெண் விரிவுரையாளர். கைத்தொலைபேசியை உதட்டருகே பிடித்து அவர் தமிழில் பேசப் பேச, முன்னால் இருந்த திரையில் எழுத்துகள் ஓடின. தனபாலன் என் காதருகே குனிந்து, "இது லீவு கேக்காது, டாக்டர்கிட்ட எம்சி எடுக்காது லா, ஐயா" என்றார்.

அந்தப் பெண் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட அளவில் இங்கே சுருக்கமாகத் தருகிறேன். இதைப் படிப்பவர்களில் பலர் என்னைப் போல் பழைய ஆட்கள்.

இயந்திரத்துக்குச் சொல் தெரியாது, ஒலிதான் தெரியும். வருகிற ஒலியை அது மிக மெல்லிய துண்டுகளாக அரிந்துகொள்கிறது. ஒவ்வொரு துண்டிலும் எந்தச் சுருதி ஓங்கி இருக்கிறது, எது தாழ்ந்திருக்கிறது என்று அளக்கிறது. முன்பே ஆயிரக்கணக்கான மனிதர்களின் பேச்சைக் கேட்டுப் பழகியிருப்பதால், இந்த அளவு இருந்தால் 'க' ஆக இருக்கலாம், 'ச' ஆகவும் இருக்கலாம் என்று எடை போடுகிறது. அடுத்து, வழக்கமாக எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்ற பழக்கத்தை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. பாதி கேட்கிறது, பாதி எதிர்பார்க்கிறது. நம்மவர்கள் ஒரே வாக்கியத்தில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் கலப்பதால் இங்கே அதற்குத் திணறல் அதிகமாம்.

பிறகு அவர் சொன்ன ஒன்றுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. என்ன பேசினார் என்று கண்டறிவது ஒரு வேலை. யார் பேசினார் என்று கண்டறிவது வேறு வேலை. இரண்டாவது வேலையில் நல்ல இயந்திரம் ஒருபோதும் "இவர்தான்" என்று சொல்லாது. "இவராக இருக்க இவ்வளவு வாய்ப்பு" என்று மட்டும் சொல்லும்.

அதைக் கேட்டதும் எனக்குச் சுப்பர்வைசர் நாகலிங்கம் ஞாபகத்துக்கு வந்தார். அவர் இந்த விதியை ஜாசின் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் எங்களுக்குப் போட்டபோது, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசு போரிட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது.

நான் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை முடித்து, மலாக்கா டவுனில் சில வாரம் பழகிவிட்டு, ஜாசின் எக்ஸ்சேஞ்சுக்கு இளநிலை ஆப்பரேட்டராகப் போனேன். ஆண்டு 1952. அந்தக் காலத்து என் நாட்குறிப்பில் பல பக்கங்கள் ஈரம்பட்டு ஒட்டிப்போய்விட்டன. ஆகவே தீபாவளிக்கு முந்திய வாரங்கள் என்பதற்கு மேல் நாளைத் துல்லியமாகச் சொல்ல எனக்கு வழியில்லை.

அக்காலத்து எக்ஸ்சேஞ்சைப் பார்த்திராதவர்களுக்காக: சுவரோரம் ஆளுயரப் பலகை. ரப்பர் தோட்டத்தில் ஒருவர் கருவியின் கைப்பிடியைச் சுழற்றினால், பலகையில் அந்தத் தோட்டத்துக்குரிய சின்ன மூடி படக்கென்று விழும். நாங்கள் கயிறு போன்ற கம்பியின் நுனியை அங்கே செருகி, எந்த நம்பர் என்று கேட்டு, ஜோடிக் கம்பியை மறுமுனையில் செருகி மணியடிப்போம். ஒரு தோட்டத்துக்கு ஒரே கம்பி. ஆபீஸ், துரை பங்களா, மருந்துக்கொட்டகை மூன்றிலும் உள்ள கருவிகள் அந்த ஒரே கம்பியில் தொங்கும். மூடி விழுந்தால் எந்தத் தோட்டம் என்று தெரியும். அங்கே எந்தக் கருவி, யார் கை என்று தெரியாது.

நாகலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். காலையில் வந்ததும் குடையை மாட்டிவிட்டு, எங்கள் காதுக்கருவிகளை ஸ்பிரிட் நனைத்த துணியால் தாமே துடைப்பார். ஒவ்வொரு கம்பியையும் செருகி ஒரு கணம் காதில் வைத்துக் கேட்பார். குரலை உயர்த்தமாட்டார். நாம் ஏதாவது தகவல் சொன்னால், கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு ஒரே கேள்வி கேட்பார்: "இது உம்மட காது சொன்னதோ, மனம் சொன்னதோ?" பதில் வரும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்புதான் எங்களுக்குப் பயம்.

அவசரகாலத்துக்கென்று அவர் ஒரு நடைமுறை வைத்திருந்தார். காவல், லாரி, அரிசி, ஆஸ்பத்திரி இவை சம்பந்தமான அழைப்பு வந்தால், பேசுபவரின் பெயரைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதிய பிறகுதான் இணைப்புக் கொடுக்க வேண்டும். காட்டில் இருந்தவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாது என்பதற்காகத் தோட்டங்களுக்கு அரிசி லாரி போலீஸ் காவலோடுதான் போகும். ஒரு தப்பான போன் போதும், லாரி தனியாகப் போய் மாட்டிக்கொள்ள.

நடைமுறை சரி. எங்கள் ஜனங்களிடம்தான் அது செல்லவில்லை. தினமும் பேசுகிற கிராணியிடம், அதாவது தோட்டத்து எழுத்தரிடம், "யார் பேசுறீங்க?" என்று கேட்டால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். "ஏன், எங்குரல் தெரியாதா ஒனக்கு?" என்பார்கள். அடுத்த தடவை டவுனுக்கு வரும்போது நம்மைப் பார்க்காதது போல் போவார்கள். தெரிந்த மனிதரிடம் பெயர் கேட்பது வாசலில் நிறுத்தி வைப்பது போல. ஆகவே ஆப்பரேட்டர்கள் குரலைக் கேட்டுத் தாங்களே பெயரை எழுதிக்கொள்வார்கள். அதில் கோவிந்தண்ணன் பேர்போனவர். ஜப்பான்காரன் சண்டைக்கு முன்பிருந்தே அந்தப் பலகையில் உட்கார்ந்தவர். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸர் இருமினால் போதும், "என்ன டிரெஸர், சளியா?" என்பார். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்கும். மரியாதை என்றால் அதுதான் என்று நானும் நினைத்தேன்.

ஜாசினுக்கு அப்பால் இருந்த ஒரு தோட்டம். பெயர் எழுதவில்லை, அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். ஒரு காலையில் அந்தத் தோட்டத்து மூடி விழுந்தது. கோவிந்தண்ணன் பேசினார், அரிசிக் கடைக்கு இணைப்புக் கொடுத்தார், சீட்டில் 'ராமையா, சின்ன கிராணி' என்று எழுதினார். கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் அந்தக் குரல் மலாயில் சொன்னது: லாரியை நாளைக்குப் பதில் இன்றே அனுப்புங்கள், காவல் வண்டி முச்சந்தியில் காத்திருக்கும். லாரி போனது. முச்சந்தியில் யாரும் இல்லை. ரப்பர் மரங்களுக்கிடையிலிருந்து துப்பாக்கிகள் வந்தன. டிரைவரைக் கட்டிப்போட்டுவிட்டு அரிசியை எடுத்துப் போனார்கள். டிரைவர் கட்டை அவிழ்த்துக்கொண்டு உயிரோடு நடந்து வந்ததே பெரிது.

அன்று சாயங்காலமே ராமையாவைப் பிடித்துவிட்டார்கள். ஆதாரம் கோவிந்தண்ணனின் சீட்டு. விசாரித்த போலீஸ் அதிகாரி வயது குறைந்த வெள்ளைக்காரர், நிதானமானவர்தான். நிச்சயம்தானா என்று இரண்டு முறை கேட்டார். அந்தக் குரலை உறக்கத்தில் கேட்டாலும் சொல்வேன் என்றார் கோவிந்தண்ணன். அவர் பொய் சொல்லவில்லை.

அடுத்து என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரியும். அவசரகாலச் சட்டத்தில் கோர்ட்டு கிடையாது. தடுப்பு முகாம், பிறகு குடும்பத்தோடு கப்பலேற்றி இந்தியாவுக்கு.

ராமையாவின் மனைவி பாக்கியம் மறுநாள் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். பொதுமக்கள் பேசுகிற கவுண்டரில், இடுப்பில் ஒரு குழந்தையோடு நின்றார். கோவிந்தண்ணன் எழுந்து போனார்.

"அண்ணே, அன்னிக்கி அவரு காச்சலா படுத்துக் கெடந்தாரு. எந்திரிச்சு ஆபீஸ் வரைக்கும் போவ முடியல. நான் சொன்னா பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவாங்கிறாங்க. நீங்க சொன்னா விட்டுருவாங்களாம்."

"நான் கேட்டதத்தானம்மா சொன்னேன். இல்லாதத சொல்லல."

"எங்கள ஊருக்கு அனுப்பிருவாங்களாம்." அவர் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினார். "எந்த ஊருண்ணே? நான் பொறந்ததே இங்கதான். அந்த ஊருக்கு எப்படிப் போறதுன்னுகூட எனக்குத் தெரியாது."

கோவிந்தண்ணன் திரும்பி வந்து காதுக்கருவியை மாட்டிக்கொண்டார். அன்று முழுக்க யாரிடமும் சளியைப் பற்றிக் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த நாளோ மூன்றாம் நாளோ, மத்தியானத்துக்கு முன், அதே தோட்டத்து மூடி விழுந்தது. நான் பக்கத்துப் பலகையில் இருந்தேன். கோவிந்தண்ணன் கம்பியைச் செருகினார். ஒரு நொடி கேட்டார். பழகிய வாயிலிருந்து தானாக வந்தது:

"சொல்லுங்க, ராமையா."

சொன்ன பிறகு அவர் அசையவில்லை. அந்தப் பக்கம் ஏதோ சொன்னது. அவர் ஆஸ்பத்திரிக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு, காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எங்கள் வேலையில் அழைப்பு நேரத்தில் அதைக் கழற்றுவது கிடையாது. நான் அவர் பலகையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டேன்.

வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நேரே நாகலிங்கத்தின் மேசைக்குப் போய் நின்றார்.

"சார், இப்ப வேலு கங்காணி பேசினாரு. நான் ராமையான்னு கூப்புட்டேன். அதுக்கு அவரு சொல்றாரு, 'அண்ணே, ராமையா அங்க டேஷன்லதானே உள்ள கெடக்காரு'ன்னு."

நாகலிங்கம் கிராம்பை மாற்றிக்கொண்டார். "இப்ப சொல்லும். அண்டைக்கு நீர் கேட்டது ராமையாவின்ர குரலையோ?"

கோவிந்தண்ணன் சொன்னார்: "குரலு மாதிரி இருந்துச்சு, சார்."

"இதைத்தான் அண்டைக்கும் எழுதியிருக்க வேணும்," என்றார் நாகலிங்கம். வேறு ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்கு நடந்தார்.

வேலு கங்காணியை வரவழைத்துக் கேட்டபோது விஷயம் வெளிவந்தது. அந்தத் தோட்டத்துக்குப் போன் வந்த புதிதில் எல்லாரும் ரப்பர் காட்டில் இருப்பவரைக் கூப்பிடுவது போல் கத்திப் பேசியிருக்கிறார்கள். துரைக்குப் பிடிக்கவில்லை. அப்போதிருந்த பெரிய கிராணி, போனில் பேசுவதற்கு என்று ஒரு முறையைச் சொல்லிக்கொடுத்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். தொண்டையை ஒரு தடவை செருமிக்கொண்டு "ஹலோ ஜாசின்" என்று இழுக்க வேண்டும்; ஒரு மூச்சு விட்டு "எஸ்டேட் ஆபீஸ்" என்று தாழ்த்த வேண்டும்; மற்றதை மெதுவாக, ஒரே சுரத்தில் சொல்ல வேண்டும். ஆபீசில் இருந்த எல்லாரும் அதைப் பாடம் பண்ணினார்கள்.

"வீட்டுல பேசுற மாதிரி போன்ல பேசுனா மரியாதயில்லன்னு பெரிய கிராணி சொல்லிட்டாரு, சார்," என்றார் கங்காணி. "நாங்க எல்லாரும் அவரு மாதிரித்தான் பேசுறது. ஆபீஸ் கூட்டுறவன்கூட அப்படித்தான் பேசுவான்."

பெரிய கிராணி வேலையை விட்டுப் போன பிறகு போனில் அதிகம் பேசியவர் ராமையா. ஆகவே அந்த ராகம் எங்கள் எக்ஸ்சேஞ்சில் ராமையாவின் குரல் ஆகிவிட்டது. போதாக்குறைக்கு அந்தக் காலத்துக் கருவியும் நீண்ட கம்பியும் ஒரு மனிதக் குரலில் பாதியை விழுங்கிவிடும். மிச்சம் வந்து சேர்வது அவர் பேசுகிற விதம் மட்டும்தான்.

போலீஸ் அதிகாரி சோதனை ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார். அதை வகுத்தவர் நாகலிங்கம். அதிகாரி தோட்டத்து ஆபீசில் இருப்பார். ராமையாவையும் ஜீப்பில் அங்கே கொண்டு போவார். அவரோடு வேலு கங்காணி, ஆபீஸ் பியூன், மருந்துக்கொட்டகை டிரெஸர். யார் எந்த வரிசையில் பேசுவது என்று அதிகாரிதான் அங்கே முடிவு செய்வார். யாரும் பெயர் சொல்லக் கூடாது. எல்லாருக்கும் ஒரே வாக்கியம்: ஆஸ்பத்திரிக்கு இணைப்புக் கொடுங்கள். ஒருவரையே இரண்டு தடவை பேசச் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. இங்கே கோவிந்தண்ணனும் நானும் ஒருவரையொருவர் பார்க்காதபடி உட்கார்ந்து, கேட்டதை எழுத வேண்டும். நாகலிங்கம் ஒரு நிபந்தனை மட்டும் சேர்த்தார். பெயருக்குப் பக்கத்தில் 'நிச்சயம்' அல்லது 'போலிருந்தது' என்று ஒரு சொல்லும் இருக்க வேண்டும்.

மூடி விழ விழ நாங்கள் கேட்டோம். செருமல், இழுப்பு, மூச்சு, தாழ்வு. கண்ணை மூடிக்கொண்டால் ஒரே மனிதர் திரும்பத் திரும்ப வந்து நிற்பது போலிருந்தது. டிரெஸரை மட்டும் பிடித்துவிட்டேன். அவர் ஆபீசில் பாடம் கற்காதவர். கோவிந்தண்ணன் எப்படி எழுதுகிறார் என்று பார்க்கக் கூடாது. ஆனால் அவர் பென்சில் ஒவ்வொரு முறையும் தயங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

அதிகாரி திரும்பி வந்து, யார் எப்போது பேசினார் என்று தாம் குறித்த தாளையும் எங்கள் இரண்டு தாள்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். ராமையா பேசியபோது கோவிந்தண்ணன் வேலு கங்காணி என்று எழுதியிருந்தார். பியூன் பேசியதை நாங்கள் இருவருமே ராமையா என்று எழுதியிருந்தோம். கோவிந்தண்ணன் எங்குமே 'நிச்சயம்' என்று எழுதவில்லை. அதிகாரி தாள்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். தவுக்கேயிடமும் ஒரு தடவை பேசிப் பார்க்கிறேன் என்றார். தவுக்கே சொன்னாராம்: எனக்கு அந்தத் தோட்டத்திலிருந்து போனில் வருகிற எல்லாரும் ஒரே கிராணிதான்.

அதற்குப் பிறகும் சில நாள் இழுத்தது. மேலிடத்திலிருந்து உத்தரவு வர வேண்டும் என்றார்கள். பாக்கியம் கவுண்டருக்கு வந்து ஒன்றும் கேட்காமல் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார். தீபாவளிக்கு இரண்டொரு நாள் இருக்கும்போது ராமையாவை விட்டார்கள். வாரம் ஒருமுறை நிலையத்தில் வந்து நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. கப்பல் பேச்சு நின்றது.

பண்டிகை முடிந்த முதல் வேலை நாள். அந்தத் தோட்டத்து மூடி விழுந்தது. கோவிந்தண்ணன் கம்பியைச் செருகினார். எனக்கும் கேட்கட்டும் என்று என் காதுக்கருவியின் நுனியையும் தம் பலகையில் செருகச் சொன்னார். தொண்டை செருமியது. "ஹலோ ஜாசின்." ஒரு மூச்சு. "எஸ்டேட் ஆபீஸ்."

அத்தனை வருடங்களில் முதல் தடவையாக, பலகையைப் பார்த்தபடி, கோவிந்தண்ணன் கேட்டார்:

"யாரு பேசுறீங்க?"

கம்பியின் இரைச்சலுக்கு நடுவே ராகம் எதுவும் இல்லாத, சாதாரண வீட்டுக் குரல் ஒன்று வந்தது. அதை நாங்கள் அதற்கு முன் கேட்டதே கிடையாது.

"ராமையா பேசுறேன், அண்ணே. நல்லா கேளுங்க. ராமையாவேதான்."

அவர் சிரிப்பது கேட்டது. கோவிந்தண்ணன் சிரிக்கவில்லை. சீட்டில் பெயரை எழுதி, பக்கத்தில் 'பெயர் கேட்டு எழுதியது' என்று சேர்த்தார். அதன் பிறகு ஜாசினில் யாருமே பெயர் கேட்டதற்கு முகம் சுருக்கவில்லை. அந்தச் செய்தி தோட்டம் தோட்டமாகப் போயிருந்தது.

இதையெல்லாம் ஆயர் குரோ கூட்டம் முடிந்ததும் அந்த விரிவுரையாளரிடம் சுருக்கமாகச் சொன்னேன். இயந்திரமும் இதே இடத்தில் சறுக்கும் என்றார் அவர். எல்லாரும் ஒரே முறையில் பேசப் பழகினால், தொண்டையையும் பழக்கத்தையும் பிரிப்பது அதற்கும் கஷ்டமாம். அதனால்தான் "இவ்வளவு வாய்ப்பு" என்பதோடு அது நிறுத்திக்கொள்ள வேண்டும். முடிவு மனிதர் கையில் இருக்க வேண்டும் என்றார். எனக்கு மனம் லேசாகிவிட்டது. இந்த இயந்திரத்தைப் பற்றி வைத்திருந்த பயத்தில் பாதி போய்விட்டது. 'போலிருந்தது' என்று சொல்லத் தெரிந்த ஒன்றோடு வேலை செய்யலாம். வீடு திரும்பும்போது தனபாலன் தம் கைத்தொலைபேசியை நீட்டி, அதில் பேசியே இக்கட்டுரையைச் சொல்லச் சொன்னார். முதல் இரண்டு பத்தி அப்படித்தான் எழுதியது. பிறகு எனக்குப் பேனாவே வசதிப்பட்டது.

எஞ்சியிருப்பது ஒன்று. அன்று காலை பேசியது யார்? போலீஸ் கண்டுபிடித்ததாக நான் அறியவில்லை. அவசரகாலம் முடிந்து பல வருடங்களுக்குப் பின் ஜாசினில் ஒரு கல்யாண வீட்டில், வேலு கங்காணியின் உறவினர் ஒருவர் என்னிடம் ஒரு செய்தி சொன்னார். அந்தத் தோட்டத்து ஆபீசைக் கூட்டிக்கொண்டிருந்தவரை, அவர் தம்பியைப் பிடித்து வைத்துக்கொண்டு, காட்டு ஆட்கள் மிரட்டினார்களாம். அவர்தான் பேசினாராம். தம்பி திரும்பி வந்த பிறகு இருவரும் ஜோகூர் பக்கம் போய்விட்டார்களாம். சொன்னவர் நேரில் பார்த்தவர் அல்ல. இருவரையும் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நாகலிங்கத்தின் முறைப்படியே எழுதி வைக்கிறேன்: இது கேட்டது, சரிபார்க்கப்படவில்லை.